துணிக்குப் பின்னால் இருந்த மரம்

கண்ணு,

நின்றுபோன குதிரைப் பந்தயத்தை மறுபடி நடத்துகிறோம், விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நீ சொல்லி மூன்று வாரம் ஆகிறது. பந்தயத்தின் வரலாறும் மரபுகளும் என்று தலைப்பைக்கூட நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். உங்கள் கமிட்டியில் லாட்ஜ் நடத்துகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும்தான் இருக்கிறீர்கள். விவரம் தெரிந்த வயதில் பந்தயத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பதினாறு வருஷம் கொடி வீசியவன் என்பதால் என்னிடம் வந்தாய். நானும் தினம் காலையில் மேசை முன் உட்காருகிறேன். முதல் பக்கம் தடையில்லாமல் வருகிறது. இரண்டாவது பக்கத்தில் கை நின்றுவிடுகிறது. கிழிக்கிறேன். மறுநாள் மறுபடி அதே முதல் பக்கம். எழுபது வயதுக்கு மேல் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவது உடம்பை என்னவோ செய்கிறது.

அதனால் கட்டுரை இல்லை. இது உனக்கு எழுதும் கடிதம். ஆனால் கட்டுரைக்கு ஒதுக்கிய இடத்தில் இதைத்தான் நீ போட வேண்டும். காரணம் போகப்போகத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தாய். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னாய். "தலைச்சோலை காளியப்பன் பையன் வந்திருந்தானுங்கப்பா. வளைவுல துணி புடிக்கறது அவங்க குடும்பத்து மொறையாமா. இந்தத் தடவ அவன் புடிக்கோணுமாமா. உங்கப்பன் பண்ணுன காரியம் பத்தாதா, எங்க மாமன் காலை வாங்குனது பத்தாதான்னு கேட்டு அனுப்பீட்டோம்." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. ஏனென்றால் நான் எதுவும் சொல்லவில்லை. அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன். நீ போன பிறகு அந்தத் தட்டை வெகுநேரம் கழுவினேன்.

முதலில் வரலாறு. கேட்டாய் அல்லவா.

துரைமார் காலத்தில் இது அவர்களுடைய பந்தயம். காப்பிப் பூ உதிர்ந்து காய் பிடித்த பிறகு மே மாதத்தில் ஒரு வாரம் தோட்டங்களில் வேலை குறைவாக இருக்கும். அந்த வாரம் எல்லா எஸ்டேட் துரைகளும் குதிரைகளோடு ஏற்காட்டுக்கு வருவார்கள். ஓட்டுவதும் அவர்கள்தான், பார்ப்பதும் அவர்கள்தான். குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, கூடவே படுத்து எழுந்த குதிரைக்காரர்கள் முடிகிற இடத்தில் கம்பளியோடு நின்றிருப்பார்கள். வேர்த்து வரும் குதிரை மேல் போர்த்துவதற்கு. சுதந்திரம் வந்தது. துரைகள் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். குதிரையைக் கப்பலில் கொண்டுபோக முடியாது. சிலர் சுட்டுவிட்டுப் போனார்கள். சிலர் குதிரைக்காரனிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படித் தங்கிய குதிரைகள் காப்பி மூட்டை சுமந்தன. கோடையில் ஏரிக்கு வருபவர்களின் பிள்ளைகளைச் சுமந்தன. முதல் வருஷம் மே மாதம் பந்தயம் இல்லாமல் போனது. இரண்டாவது வருஷம் குதிரைக்காரர்களே ஓட்டினார்கள். யாரையும் கேட்கவில்லை. துரைகளின் மைதானத்துக்குள் விடவில்லை என்பதால் ஏரியைச் சுற்றும் ரோட்டுக்கு வந்தது. ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பாறையில் ஆரம்பித்து ஏரியை ஒரு சுற்று சுற்றி அதே பாறையில் முடியும். கொஞ்ச வருஷத்தில் சேலம், ஆத்தூர், நாமக்கல் வரைக்கும் பேர் பரவிவிட்டது. அந்த ஒரு நாள் மலையேறும் பஸ்களில் கூரை மேலும் ஆள் இருக்கும்.

இதெல்லாம் நான் கேட்டது. நான் பார்த்தது பிறகு. சேலத்தில் காலேஜ் படித்துவிட்டு, இரண்டு பெட்டி புத்தகத்தோடு, வேறு வேலை கிடைக்காமல் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்தேன். சேர்ந்த வருஷமே, இறக்கினால் பந்தயம் ஆரம்பிக்கும் அந்தக் கொடி என் கைக்கு வந்தது. கௌரவம் என்று நினைத்தேன். விஷயம் வேறு. குதிரை இல்லாதவன் கையில்தான் கொடி இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். எனக்குக் குதிரை இல்லை. எழுதப் படிக்கத் தெரியும். அவ்வளவுதான்.

மரபுகள் என்றும் கேட்டிருந்தாய். சேணம் கிடையாது, மடித்த சாக்குதான். சாட்டை கிடையாது. அடிபட்டு ஓடுவது துரை குதிரை என்பார்கள். பந்தயம் முடிந்ததும் ஊறவைத்த கொள்ளும் வெல்லமும் முதலில் கடைசியாக வந்த குதிரைக்கு. ஜெயித்த குதிரைக்குக் கடைசியில். ஜெயித்தவனுக்குக் கைதட்டு இருக்கிறது, தோற்றவனுக்குக் கொள்ளாவது சீக்கிரம் கிடைக்கட்டும் என்று ஒரு நியாயம். ஜெயித்த குதிரையைப் பஜாரில் கடை கடையாக நடத்திக்கொண்டு போவார்கள். பழக்கடைக்காரர்கள் ஆளுக்கொரு வாழைப்பழம் ஊட்டுவார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து பந்தயம் முடிகிற வரைக்கும் ஓட்டுகிறவர்கள் கொடிக்காரனோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. எதிரில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாரபட்சம் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. உன் மாமன் செல்வராசும் ஓட்டுகிறவன்தான். அந்த ஒரு நாள் மட்டும் என்னைப் பார்த்தால் வானத்தைப் பார்ப்பான். அது அவனுக்குப் பெரிய தண்டனை. அக்கா புருஷனைக் கிண்டல் பண்ணாமல் அவனால் ஒரு காப்பிகூடக் குடிக்க முடியாது.

இனி துணி. இது உங்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஏரி ரோட்டில் ஒரு வளைவு. கீழே சேலத்திலிருந்து வரும் ரோடு அங்கே வந்து சேர்கிறது. பாறையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வளைவு தெரியும். ஆனால் ஏறி வரும் வண்டி தெரியாது. அதனால் வளைவில் ஒருவர் நிற்பார். கையில் மூங்கிலில் கட்டிய வெள்ளை வேட்டி. துணி மேலே இருந்தால் ரோடு காலி. கீழே இறங்கினால் வண்டி வருகிறது, பொறு. இந்த வேலை ஆரம்பத்திலிருந்து காளியப்பன் குடும்பத்துடையது. முதலில் அவர் அப்பா. பிறகு அவர். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும் முனகலைக் கேட்டே, லாரியா பஸ்ஸா, எத்தனையாவது வளைவு, ஏரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிடுவார்கள். குதிரைகள் ஏரியைச் சுற்றி முடிக்கும் நேரத்துக்குள் எந்த வண்டியும் வராது என்று காது சொன்னால்தான் துணி மேலே போகும்.

என் முதல் வருஷம் காளியப்பன் முந்தின நாள் என்னைத் தேடி வந்தார். அவரும் என் வயதுதான். எங்கள் எஸ்டேட்டிலேயே வேலை. "ரைட்டரய்யா, ஒண்ணு சொல்றனுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்றார். "மேகம் எறங்கற நாள்ல துணியப் பாக்காதீங்க. துணியும் வெள்ள, மேகமும் வெள்ள. துணிக்குப் பின்னால ஒரு நாவல் மரம் நிக்குதுங்க. அந்த மரம் கறுப்பாத் தெரியுதான்னு பாருங்க. மரம் தெரிஞ்சாத்தான் துணி. மரம் தெரியலீன்னா நீங்க பாக்கறது துணியில்லீங்க." அவர் அப்பா எனக்கு முந்தின கொடிக்காரரிடம் சொன்னதாம் இது. வேறு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பாறையில் நிற்பவனுக்கும் வளைவில் நிற்பவனுக்கும் இடையில் உள்ள விஷயம். பதினைந்து வருஷம் நான் மரத்தைப் பார்த்துத்தான் கொடியை இறக்கினேன்.

பதினாறாவது வருஷம். உனக்கு ஐந்து வயது. உன் அம்மா இடுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாய். கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி தலைமை தாங்க வந்திருந்தார். பந்தல், நாற்காலி, ரோஜா மாலை. ஒன்பது மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது. எட்டரைக்கே மேகம் ஏரி மேல் இறங்கிவிட்டது. நான் பாறை மேல் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரை. பத்து. பன்னிரண்டு குதிரைகள் பாறையடியில் கால் மாற்றிக்கொண்டிருந்தன. கூட்டம் முதலில் விசில் அடித்தது. பிறகு பேச ஆரம்பித்தது. "ஏனுங்க ரைட்டரே, கொடி தொவைச்சுக் காயப்போட்டிருக்கீங்களா?" "பி.ஏ. படிச்ச ஆளுங்க. பரீட்சைன்னு நெனைச்சு யோசனை பண்றாப்ல." அதிகாரி இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய டிரைவர் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணினார். எஸ்டேட் மேனேஜர் பந்தலிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது உன் மாமன், வழக்கத்தை உடைத்து, குதிரை மேலிருந்து சத்தமாகக் கேட்டான். "மச்சான், கை மரத்துப் போச்சுங்களா, இல்ல அக்கா கிட்டக் கேட்டுத்தான் எறக்குவீங்களா?"

ஏரிக்கரை முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். உன் அம்மாவும் சிரித்தாள். எனக்கு அது தெரிந்தது.

நான் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வெள்ளையாக ஒன்று மேலே எழுந்தது போல் இருந்தது. மரம் தெரியவில்லை. மரம் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. என் கண் அன்றைக்கு நன்றாகவே இருந்தது. வயதின் மேல் பழி போட வழியில்லை. கொடியை இறக்கினேன்.

காளியப்பனின் துணி அந்த நேரம் கீழே இருந்தது. உர மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கடைசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. குளம்புச் சத்தம் கேட்டதும் அவர் மூங்கிலைப் போட்டுவிட்டு, துணியை மட்டும் உருவிக் கையில் வீசிக்கொண்டு லாரியைப் பார்த்து ஓடினார். உன் மாமன்தான் முதலில் வந்தான். ஜெயித்திருப்பான். மேகத்துக்குள் குதிரை லாரியின் முன்பக்கத்தில் மோதியது. குதிரை அங்கேயே போய்விட்டது. மாமனின் வலது கால் அதற்கடியில் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பஜாரில் பஸ் நிற்கும் இடத்தில் விசாரணை. இரண்டு எஸ்டேட் மேனேஜர்கள், பெரிய கடைக்காரர் ஒருவர், நாற்காலியில். சுற்றிலும் ஊர். மாமனைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உன் அம்மா கூடப் போய்விட்டாள். நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அது ஞாபகமில்லாதது நல்லது. என்னைக் கேட்டார்கள்: "துணி மேலே இருந்துச்சா ரைட்டர்?" யாரும் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. யாருக்கும் மரம் தெரியாது. "இருந்துச்சுங்க" என்றேன். ஒரு சொல். பிறகு காளியப்பனைக் கேட்டார்கள். "எறக்கித்தானுங்க வெச்சிருந்தேன். லாரி சத்தம் கேட்டு எறக்கீட்டேனுங்க" என்றார். "அப்ப ரைட்டர் பொய் சொல்றாரா?" என்றார் கடைக்காரர். காளியப்பன் என்னைப் பார்த்தார். வெகுநேரம் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும். அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மரம் தெரிஞ்சுதுங்களா என்று. அந்தக் கேள்வி வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ரைட்டரய்யா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

துணி பிடிக்கும் முறை அந்தக் குடும்பத்திடமிருந்து போனது. அடுத்த வருஷமே பந்தயமும் நின்றது. ஆனால் முறை பறிபோன அவமானம் அந்தக் குடும்பத்தோடு தங்கிவிட்டது. தலைச்சோலையை விட்டு வெளியே பெண் பார்க்கப் போனால்கூட, துணியை மாற்றிப் பிடித்த குடும்பமா என்று கேட்டார்கள்.

நீ பெரியவனான பிறகு உனக்கு நான் நிறையப் புத்தி சொல்லியிருக்கிறேன். கடன் வாங்காதே, நேரத்துக்குப் போ, சொன்ன சொல்லைக் காப்பாற்று. அதில் எதுவும் தப்பில்லை. சொல்லாத ஒன்று இருக்கிறது. பொய் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். பிறகு தினமும் அதற்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நான் எஸ்டேட்டில் ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு ஆள் கணக்கு எடுத்தேன். நோட்டைப் பார்த்துக் காளியப்பன் என்று கூப்பிடுவேன். "இருக்கறனுங்க" என்பார். குரலில் எதுவும் இருக்காது. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரிட்டயர் ஆகும் வரைக்கும், ஞாயிறு தவிர, தினமும். சில நாட்கள் அவர் பேரை நோட்டில் கடைசிக்குத் தள்ளி எழுதிப் பார்த்தேன். கடைசியிலும் வந்தது.

உன் அம்மாவுக்குத் தெரியாது. தம்பியின் காலைத் தின்றவன் என்றுதான் காளியப்பனைச் சொல்வாள். அவர் பெண்சாதி மிளகு விற்க வந்தால் கதவைச் சாத்துவாள். ஒரு தடவை, மழை நாள், அந்த அம்மா கதவுக்கு வெளியே நின்று, "நாங்க வேணும்னு பண்ணலீங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனது. நான் உள்ளே நாற்காலியில் புத்தகம் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அம்மா சாகும் வரைக்கும் சொல்லவில்லை. கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் தினமும் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போவேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

இன்னொன்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பது வயது உனக்கு. சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். எதிரில் காளியப்பன் தலையில் வாழைத்தாரோடு வந்தார். நீ கையை உதறிக்கொண்டு போய்க் கீழே கிடந்த கல்லை எடுத்து எறிந்தாய். முழங்காலில் பட்டது. "எங்க மாமன நொண்டியாக்குனவன்" என்று கத்தினாய். தாரை இறக்காமல் அவர் நின்றார். உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் உன்னை அடிக்கவில்லை. அதட்டவில்லை. "வா சாமி, போலாம்" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். பேக்கரியில் பன் வாங்கிக் கொடுத்தேன். நீ செய்தது சரி என்று நீ எடுத்துக்கொண்டாய். வேறு எப்படி எடுத்துக்கொள்வாய். போன ஞாயிற்றுக்கிழமை அவர் பையனை நீ திருப்பி அனுப்பினாய் அல்லவா, அதுவும் அந்தக் கல்தான். கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை காலை பஸ் பிடித்துத் தலைச்சோலை போனேன். முழங்கால் இப்போது ஏற்றத்தை ஒத்துக்கொள்வதில்லை. நாலு இடத்தில் நின்று போய்ச் சேர்ந்தேன். காளியப்பன் வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். "வாங்க ரைட்டரய்யா. ஊட்டுக்குள்ள வாங்க." நான் அங்கேயே நின்று சொன்னேன். அன்றைக்கு மரம் தெரியவில்லை என்று. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லுங்க. காது நொம்ப மந்தமாயிருச்சு" என்றார். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "மரம் தெரியலீங்க! தெரியாமத்தான் கொடிய எறக்குனேன்! பொய் சொன்னேன்!" எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் முறத்தோடு வெளியே வந்து பார்த்தது.

காளியப்பன் மிளகைக் கையால் பரப்பினார். "அது எனக்குத் தெரியுமுங்களே" என்றார்.

"அன்னிக்கே மரத்தைப் பத்திக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க." மிளகில் கிடந்த காம்பு ஒன்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "அடுத்த நாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன். பொறவு அதும் பழகிப் போச்சு" என்றார்.

நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லையா, கேட்டும் விட்டுவிட்டாரா, தெரியவில்லை. "இங்க வந்து கத்தி என்னங்க ஆவப்போவுது. இந்தத் தெருவுல எல்லாத்துக்கும் தெரியும். நம்பாதவன் ஒருத்தன்தான்."

"யாருங்க?"

"எம்பட பையன்." முதல் தடவையாக அவர் குரலில் ஏதோ இருந்தது. "சின்னதுல இருந்து சொல்றனுங்க, துணி கீழதான் இருந்துச்சு சாமின்னு. அப்பன் பேரக் காப்பாத்திக்க அப்பன் சொல்றது சாட்சியாகுங்களா? ரைட்டர் பொய் சொல்லுவாராங்கறான். படிச்சவங்களாம் நீங்க. நான் பண்ணுன தப்ப அவன் போயி நேரா நின்னு அழிக்கோணுமாமா. அதுக்குத்தான் மொறையக் கேக்கறான். நான் வேண்டாம்டான்னேன். எங்கிட்டப் பேசி நாலு மாசமாச்சு. ஒரே ஊட்டுல இருக்கறோம். சோறு போட்டுட்டியான்னு அவங்கம்மாகிட்டத்தான் கேப்பான்."

உள்ளேயிருந்து அந்த அம்மா டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தது. என் பக்கத்தில் வைத்துவிட்டு, டம்ளரைக் கொஞ்சம் தள்ளியும் வைத்தது.

"எழுதிக் குடுங்க" என்றார் காளியப்பன். "எங்கிட்ட வேண்டாம். அன்னிக்கு ஊருக்கு முன்னால சொன்னீங்க. இன்னிக்கும் ஊரே படிக்கறாப்ல எழுதுங்க. அவன் படிப்பான். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கறான்."

புதன்கிழமை சேலம் போய் உன் மாமனைப் பார்த்தேன். சைக்கிள் கடையில் கீழே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். சொன்னேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே கேட்டான். முடித்ததும், "அக்கா இருக்கறப்பச் சொல்லியிருக்கோணுங்க மச்சான்" என்றான். டீ சொல்லவில்லை. முன்னெல்லாம் நான் போனால் பக்கத்துக் கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுவான். பஸ்ஸில் ஏறி இருபது வளைவும் எண்ணிக்கொண்டே வந்தேன். தூக்கம் வரவில்லை. களைப்புதான்.

உன்னிடம் நான் கேட்பது இரண்டு. இந்தக் கடிதத்தை மலரில் போடு. ஒரு வார்த்தையும் எடுக்காதே. காளியப்பனின் பையனைக் கூப்பிட்டு அவர்கள் முறையை அவர்களிடமே கொடு. மரத்தைப் பற்றிப் புதுக் கொடிக்காரனிடம் அவனே சொல்லட்டும். உன் கமிட்டியில் உனக்குத் தலைகுனிவாக இருக்கும். லாட்ஜுக்கு வருகிறவர்கள்கூடக் கேட்பார்கள், உங்க அப்பாவா என்று. ஆமாம் என்று சொல். என்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வந்தால் சமைத்து வைத்திருப்பேன். என்னைப் பற்றி நீ என்ன முடிவு பண்ணினாலும் அதைக் கேட்டுக்கொள்ள எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. அது மட்டும்தான் மிச்சம்.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. இன்று காலை நடந்ததையும் சேர்க்கிறேன்.

உனக்கு அனுப்பினால் நீ யோசிப்பாய். கமிட்டியைக் கேட்கலாம் என்பாய். மலர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பாய். என் பிள்ளை நீ. தள்ளிப்போடுவது எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கடிதத்தை இன்னொரு தடவை கையால் எழுதிப் படி எடுத்துக்கொண்டு ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே சுற்றுலா ஜீப் ஓட்டும் காளியப்பனின் பையனை எனக்கு முகம் தெரியும். அவனுக்கும் என்னைத் தெரியும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம். சேலத்துப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தொப்பி, பை, ஒரு கைக்குழந்தை. "கரடியூர் வியூ பாயிண்ட் போகோணுங்க, சீக்கிரம்" என்று அந்த ஆள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் பேப்பர்களை நீட்டினேன்.

"என்னதுங்க?"

"உங்கப்பா துணியப் பத்தி."

வாங்க மாட்டான் என்று நினைத்தேன். வாங்கினான். ஜீப்பின் பக்கத்தில் நின்றபடியே படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் போல உதடு அசைந்தது. ஒரு பக்கம் முடிந்து அடுத்ததை எடுப்பதற்கு நேரம் எடுத்துக்கொண்டான். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "ஏனப்பா, வண்டிய எடுக்கறயா, நாங்க எறங்கட்டுமா?" என்றார் உள்ளே இருந்தவர். அவன் கேட்கவில்லை. நாவல் மரம் வரும் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். என்னைத் திட்டுவான், கையை ஓங்குவான் என்று நின்றேன். அதற்குத்தான் போயிருந்தேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வைத்துவிட்டு மேலே கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

"எங்கப்பன் ஊட்ல இருக்கறாரா, தோட்டத்துக்குப் போயிட்டாரா?" என்றான். என்னைக் கேட்டானா, தன்னையே கேட்டுக்கொண்டானா தெரியவில்லை.

ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். பிரிவில் கரடியூர் பக்கம் போகாமல் தலைச்சோலை ரோட்டில் திருப்பினான். உள்ளே இருந்தவர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துவது எனக்குக் கேட்டது. வண்டி நிற்கவில்லை.

அப்பா